மெக்ஸிகோவின் ரஃபேல் ஒசூனா

மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் மூன்று வாரங்களாக என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. கதை எழுதினாலோ, அதில் வருகின்ற அசடன் தான்தான் என்று விடுதியில் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ஆகவே விளையாட்டைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தேன். கிரிக்கெட்டைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் நாள்தோறும் கேட்டுக் கேட்டு நண்பர்களுக்குக் காது புளித்திருக்கும். எனவே டென்னிஸ். அதிலும் நம்மில் பலர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு மெக்ஸிகோ நாட்டு வீரர்.

உலகத்தில் எத்தனையோ வீரர் இருக்க, இவரை ஏன் தேடிப் பிடித்தேன் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் என் பெரியப்பா. 1962-ஆம் ஆண்டில் அவர் சென்னையில் கல்லூரி மாணவர். கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், என் கையில் டென்னிஸ் மட்டையைக் கண்டதும் அவர் ஒரே கதையைத்தான் தொடங்குவார். "கிருஷ்ணன் ஜெயிச்சதையெல்லாம் பேப்பர்லதான் படிச்சேன், தம்பி. நேரே போய்ப் பார்த்தது ஒரே தடவை. அந்தத் தடவை அஞ்சுக்குப் பூஜ்யம்னு தோத்துட்டுத் திரும்பினோம். மெக்ஸிகோக்காரன் ஒருத்தன், ஒல்லியா இருப்பான். பந்து போய் விழறதுக்கு முன்னாடி அவன் அங்கே நின்னுக்கிட்டிருப்பான்." பெயர் என்ன என்று கேட்டால் நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். 'ஓ'-வில் தொடங்கும் பெயர் என்பதற்கு மேல் அவருக்கு நினைவு வருவதில்லை.

அந்தப் பெயரைத் தேடித்தான் சென்ற பருவத்தில் நம் நூலகத்தில் பல மாலைகளைக் கழித்தேன். பாடப் புத்தகத்துக்கு அவ்வளவு நேரம் செலவிட்டிருந்தால் மதிப்பெண் பட்டியல் வேறு விதமாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். அது கிடக்கட்டும்.

அவர் பெயர் ரஃபேல் ஒசூனா. 1938-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மெக்ஸிகோ நகரத்தில் பிறந்தார். மெக்ஸிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. அதன் கொண்டாட்டம் முந்தின நாள் இரவே தொடங்கிவிடும். ஊரெல்லாம் வாணவேடிக்கை விடும் நாளில் பிறந்த பிள்ளை! அந்நாட்டு மக்கள் அவரைச் செல்லமாக அழைத்த பெயர் 'பெலோன்' என்பது. நம் மொழியில் சொன்னால் 'மொட்டை'. நான் பார்த்த படங்களில் எல்லாம் அவர் தலையில் கறுகறுவென்று முடி இருக்கிறது. பட்டப் பெயர் வைப்பதில் எந்த நாட்டாரும் காரண காரியம் பார்ப்பதில்லை போலும்.

உலகம் அவரை முதன்முதலில் திரும்பிப் பார்த்தது 1960-இல், விம்பிள்டனில். அப்போது அவருக்கு வயது 21. இரட்டையர் ஆட்டத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் டென்னிஸ் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கப் பையன். (விளையாட்டின் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம், எழுத்து வேறு, தமிழில்தான் ஒன்றாகிறது.) பையனுக்கு வயது 17. பெரிய போட்டிகளில், திறமை மிக்கவர்கள் முதற் சுற்றிலேயே ஒருவரோடொருவர் மோதி வெளியேறிவிடாதபடி, அவர்களை வரிசைப்படுத்தித் தனித்தனியே பிரித்து வைப்பார்கள். அந்த வரிசையில் இவ்விருவருக்கும் இடமே இல்லை. யாரும் பொருட்படுத்தாத அந்த ஜோடி ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, இறுதி ஆட்டத்தில் பிரிட்டனின் மைக் டேவிஸ், பாபி வில்சன் இருவரையும் 7-5, 6-3, 10-8 என்று நேர் ஸெட்களில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

10-8 என்ற எண்ணைக் கண்டு இன்றைய நண்பர்கள் திகைக்கலாம். இக்காலத்தில் ஆறுக்கு ஆறு என்று வந்தவுடன் 'டை பிரேக்' வைத்து ஸெட்டை முடித்துவிடுகிறார்கள். பெரிய போட்டிகளில் அந்த வழக்கம் 1970-இல்தான் அமெரிக்காவில் புகுந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒருவர் இரண்டு ஆட்டம் முந்தும்வரை ஸெட் நீண்டுகொண்டே போகும். கால் தளர்ந்தவன் தோற்பான். ஒசூனாவின் கால்கள் தளர்வதில்லை என்பதை இதனோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் படிக்கச் சென்ற இடம்தான் நமக்கு நெருக்கமானது. வீட்டையும் நாட்டையும் விட்டு வந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள தெற்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் அவர் மாணவரானார். ஜார்ஜ் டோலி என்பவர் அங்கே டென்னிஸ் பயிற்சியாளர். ரால்ஸ்டனும் அதே பல்கலைக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டி என்றால், மரத்தடியில் நாற்காலி போட்டு நாம் நடத்துகிறோமே, அந்த மாதிரி எண்ணிவிடக் கூடாது. நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடம் அது. அதில் 1962-இல் ஒற்றையர் பட்டம் ஒசூனாவுக்கு. இரட்டையர் பட்டமோ 1961, 1962, 1963 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள்! முதல் இரண்டு முறை ராம்ஸி எர்ன்ஹார்ட் என்ற சக மாணவருடன், மூன்றாம் முறை ரால்ஸ்டனுடன். பல்கலைக் கழக அணியும் 1962, 1963 இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்லூரிக்காக ஆடும்போது ரால்ஸ்டன் தோழர். அமெரிக்க தேசிய இரட்டையர் போட்டிக்குப் போனால் அதே ரால்ஸ்டன் வலைக்கு அந்தப் பக்கம், சக் மக்கின்லி என்பவருடன் நிற்பார். இந்தப் பக்கம் ஒசூனாவும், அவருடைய நாட்டவரான அந்தோனியோ பலபாக்ஸும். 1961, 1962, 1963 மூன்று ஆண்டுகளும் இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் இதே நால்வர்தாம். நடுவில் 1962-இல் மட்டும் மெக்ஸிகோ ஜோடிக்கு வெற்றி. மற்ற இரண்டும் அமெரிக்க ஜோடிக்கு. 1963-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் ஒசூனாவும் பலபாக்ஸும் வென்றார்கள்.

இனி என் பெரியப்பாவின் ஆட்டத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து டேவிஸ் கோப்பையின் அமைப்பே வேறு. முந்தின ஆண்டு வென்ற நாடு, மாமனார் வீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல், எந்தச் சுற்றிலும் ஆடாமல் காத்திருக்கும். மற்ற நாடுகளெல்லாம் கண்டவாரியாகப் பிரிந்து ஆடி, ஒன்றையொன்று வீழ்த்தி, கடைசியில் எஞ்சும் ஒரே ஒரு நாடு போய் அந்த மாப்பிள்ளையை அறைகூவ வேண்டும். இந்த வழக்கம் 1972-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் மாப்பிள்ளை ஆஸ்திரேலியா. எதிர்க்கப் போவது பெரும்பாலும் அமெரிக்கா அல்லது இத்தாலி.

1962-இல் மெக்ஸிகோ இந்த வரிசையைக் குலைத்தது. தன் தலைநகரிலேயே அமெரிக்காவை 3-2 என்று தோற்கடித்தது. டேவிஸ் கோப்பையில் அமெரிக்காவை மெக்ஸிகோ வென்றது அதுவே முதல் தடவை. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் நின்றபோது கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் ஜான் டக்ளஸ் என்ற அமெரிக்கரை ஐந்து ஸெட் ஆடி வென்றவர் ஒசூனா. மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று மெல்லியதாக இருப்பதால் அங்கே அடித்த பந்து அதிக தூரம் பறக்கும். ஆடுகிறவனுக்கோ மூச்சு வாங்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது பழக்கம். விருந்தாளிக்கு இது தண்டனை.

அமெரிக்காவுக்குப் பின் யுகோஸ்லாவியா, பின்னர் ஸ்வீடன். எஞ்சியது ஒரே ஒரு தடை. அந்தத் தடை இந்தியா! மெக்ஸிகோக்காரர்கள் உலகத்தைப் பாதி சுற்றிச் சென்னைக்கு வந்தார்கள். இங்கே உயரத்தின் உதவி அவர்களுக்கு இல்லை. மலைக் காற்று இல்லை. சொந்த ஊர்க் கூட்டமும் இல்லை. நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையரில் அரை இறுதி வரை சென்று உலகப் புகழ் பெற்றிருந்த காலம். ஊர் மக்கள் எவ்வளவு நம்பிக்கையோடு போயிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். முடிவு பெரியப்பா சொன்னதுதான்: ஐந்துக்குப் பூஜ்யம்.

இந்த வெற்றிக்குப் பிறகு அவர்கள் பிரிஸ்பேன் நகருக்குப் போய் டிசம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் அதே ஐந்துக்குப் பூஜ்யம் கணக்கில் தோற்றார்கள் என்பதை நான் சொன்னபோது பெரியப்பாவுக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குள் சண்டை இல்லாமற் போகவில்லை. ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு வந்திருந்த ராட் லேவர் அங்கே நின்றார். தொடர் தோற்றுவிட்டது என்று தெரிந்த பின்னும் ஒசூனா கடைசி நாளில் நீல் பிரேஸருடன் ஐந்து ஸெட் வரை மல்லுக்கட்டினார். டேவிஸ் கோப்பையின் கடைசிக் கட்டத்துக்கு மெக்ஸிகோ வந்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஆண்டு 1963. நியூயார்க்கில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்தில் புல்தரையில் நடந்த அமெரிக்க ஒற்றையர் போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிராளி ஃபிராங்க் ஃபுரோலிங் என்ற நெட்டையான அமெரிக்கர். அவருடைய ஆயுதம் சர்வீஸ். புல்தரையில் பந்து மேலெழாமல் சறுக்கிக்கொண்டு வரும். எதிரி தட்டித் தடுமாறித் திருப்புவதற்குள் சர்வீஸ் போட்டவன் வலையருகே ஓடிவந்து அதை அடித்து முடித்துவிடுவான். அக்காலத்துப் புல்தரை ஆட்டத்தின் சூத்திரம் இவ்வளவே.

ஒசூனா அந்தச் சூத்திரத்தை எப்படிக் கெடுத்தார் என்பதைத்தான் நான் மிகவும் விரும்பிப் படித்தேன். பலர் செய்வதுபோல் எல்லைக் கோட்டருகே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சர்வீஸை எதிர்பார்க்கவில்லை. கோட்டுக்குப் பல அடி பின்னால் போய் நின்றுகொண்டார். கணக்குப் பிரியர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஆடுகளத்தின் நீளம் 78 அடி. மணிக்கு 120 மைல் வேகத்தில் புறப்படும் சர்வீஸும் காற்றில் உராய்ந்து, தரையில் பட்டு, எதிர்க் கோட்டை அடையும்போது பாதி வேகத்துக்கு வந்துவிடும் என்று கொள்வோம். மணிக்கு 60 மைல் என்பது விநாடிக்கு 88 அடி. நாம் பத்து அடி பின்னால் தள்ளி நின்றால், கிடைக்கும் கூடுதல் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஒன்பதில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரம் என்று சிரிக்கவேண்டாம். சர்வீஸ் வந்து சேரும் மொத்த நேரமே அரை விநாடிக்குச் சற்று மேல்தான்!

அப்படியானால் எல்லோரும் பின்னால் நிற்கலாமே என்று தோன்றும். நிற்க முடியாது. பின்னால் போனவனுக்கு முன்னால் களம் முழுவதும் காலி. வலையருகே வந்தவன் மெல்லத் தட்டி ஓரத்தில் போட்டால் ஓடிவந்து எடுக்க வேண்டும். ஒசூனாவால் ஓட முடிந்தது. அந்தத் தலைமுறையில் அவரைக் காட்டிலும் வேகமான கால்கள் இல்லை என்று அவரோடு ஆடியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் நின்றபடி அவர் திருப்பியது அசுர அடியும் அல்ல. 'லாப்' எனப்படும் உயரத் தூக்கிப்போடும் பந்து. புயலாக வலையை நோக்கி ஓடிவரும் ஃபுரோலிங்கின் தலைக்கு மேலே பந்து மெதுவாக, பட்டம் மாதிரி, போய்க்கொண்டிருக்கும். அவர் நின்று, திரும்பி, பின்னோக்கி ஓட வேண்டும். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாம் முறை வலைக்கு ஓடிவருவதா வேண்டாமா என்று கால் தயங்கும். கால் தயங்கினால் கை தயங்கும். அந்தச் சமயம் பார்த்து ஒசூனா திடீரென்று முன்னால் வந்து நின்றுகொண்டு சர்வீஸை எழும்பும்போதே தாழ்வாக அடிப்பார். எங்கே நிற்பார் என்பதே எதிரிக்குத் தெரியாது. 7-5, 6-4, 6-2. ஸெட்டுக்கு ஸெட் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள்.

பட்டம் ஒசூனாவுக்கு. ஒற்றையரில் இப்படிப்பட்ட பெரும் பட்டம் பெற்ற மெக்ஸிகோ ஆடவர் இன்றுவரை அவர் ஒருவரே.

படித்ததோடு நில்லாமல் நானும் இந்த வித்தையைச் செய்து பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த போட்டியில் முதற் சுற்றிலேயே ஒரு முதுகலை மாணவரின் சர்வீஸால் நான் அடிபட்டு வெளியேறியது பலருக்கு நினைவிருக்கும். மட்டையைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவதென்றே இருந்தேன். இந்த ஆண்டு அதே அன்பருக்கு எதிராக இரண்டு கஜம் பின்னால் நின்று லாப் அடித்தேன். முதற் பந்து சமையற்கூடத்துக் கூரைமேல் விழுந்தது. இரண்டாவதைத் தேடி இன்னும் கிடைக்கவில்லை. ஆட்டம் தோற்றேன், ஆனால் போன முறை 6-0, 6-0, இந்த முறை 6-3, 7-5.

ஒசூனாவின் புகழுக்கு எதிராகச் சொல்லப்படும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1968-க்கு முன் விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளில் காசுக்கு ஆடுவோர் கலந்துகொள்ள இயலாது. அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம். லேவர் 1962 முடிந்ததும் பணம் வாங்கி ஆடும் குழுவில் சேர்ந்துவிட்டார். ரோஸ்வால் அங்கே முன்னரே இருந்தார். ஆகவே 1963-இல் அமெச்சூர்களில் உலகின் முதல்வர் என்று ஒசூனாவைப் பட்டியலிட்டபோது, உண்மையான முதல்வர்கள் வேறிடத்தில் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. லேவர் ஆடியிருந்தால் ஒசூனா வென்றிருப்பாரா என்று என்னைக் கேட்டால் பிரிஸ்பேனில் நடந்ததைத்தான் சுட்டுவேன். அங்கே லேவர் அவரை நேர் ஸெட்களில் வென்றார். ஆயினும் ஃபுரோலிங்கின் சர்வீஸைத் திருப்பி அனுப்பிய மூளையை இந்த வாதம் குறைத்துவிடாது என்பது என் துணிபு. எதிரே நிற்பவனைத்தானே ஒருவன் வெல்ல முடியும்?

1963-க்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒற்றையர் வெற்றி அவருக்கு வாய்க்கவில்லை. 1964-இலிருந்து ராய் எமர்சனின் கொடி பறக்கத் தொடங்கிவிட்டது. ஒசூனா தம் நாட்டுக்காக ஆடிக்கொண்டே இருந்தார். 1968-இல் ஒலிம்பிக் பந்தயம் மெக்ஸிகோ நகரத்துக்கு வந்தபோது டென்னிஸ் முறையான பந்தயமாக அல்லாமல் காட்சிப் போட்டியாக நடைபெற்றது. அதில் விசென்டே சராசுவாவுடன் சேர்ந்து இரட்டையரில் வென்றார்.

1969 மே மாதம் டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியா மெக்ஸிகோவுக்கு வந்தது. 1946-இலிருந்து 1968 வரை ஓர் ஆண்டுகூடத் தவறாமல் கடைசிக் கட்டத்தில் நின்ற நாடு அது. லேவர் போன்றோர் ஒப்பந்த ஆட்டக்காரர்களானதால் அணியில் இல்லை என்பது உண்மையே. இருந்தாலும் ஆஸ்திரேலியா ஆஸ்திரேலியாதான். மீண்டும் இரண்டுக்கு இரண்டு. மீண்டும் கடைசி ஆட்டம் ஒசூனா கையில். எதிரே பில் பௌரி. ஒசூனா வென்றார், மெக்ஸிகோ 3-2. பிரிஸ்பேனில் வாங்கிய கடன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தீர்ந்தது.

சில நாட்களே சென்றன. 1969 ஜூன் 4-ஆம் நாள் காலை மெக்ஸிகோ நகரத்திலிருந்து மான்டெர்ரே நகருக்குப் புறப்பட்ட போயிங் விமானம், ஊரை நெருங்குகையில் மலைமேல் மோதியது. அதிலிருந்த 79 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒசூனாவுக்கு அப்போது வயது 30.

மெக்ஸிகோ நகரில் சபுல்தெபெக் விளையாட்டுக் கழகத்தின் டென்னிஸ் அரங்கம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1979-இல் நியூபோர்ட்டில் உள்ள டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் ஆட்டத் திறனோடு நல்லொழுக்கமும் உடையவருக்கு ஆண்டுதோறும் தரப்படும் பரிசு ஒன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பல்கலைக் கழகத்தில் ஆடியவருக்குப் பல்கலைக் கழக மாணவர் வாங்கும் பரிசு.

இவ்வளவையும் சேகரித்த பின் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஒசூனா" என்றதும், "அதான்! அதேதான்!" என்று கூவினார். விமான விபத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முப்பது வயசா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "சென்னைக்கு வந்தப்போ அவன் படிச்சுக்கிட்டிருந்தானா?" என்றார்.

"ஆமாம் பெரியப்பா. அப்போ அவர் காலேஜ் ஸ்டூடண்ட்தான்."

"நானும் அப்போ காலேஜ்தான். பாடத்தை விட்டுட்டு மாட்ச் பார்க்கப் போனேன்னு உங்க தாத்தா ரெண்டு நாள் என்கிட்டே பேசலே" என்றார் பெரியப்பா.